கம்பளிக்குள்ளே இரண்டு பேர்

என் வாய் கெட்ட வாய். வேறு யாராவது இதைச் சொன்னால் சண்டைக்குப் போவேன். அதனால் நானே சொல்லிவிடுகிறேன். தேரடிக்குப் பக்கத்தில் டாக்ஸி ஸ்டாண்டு இருந்த காலத்தில் அங்கே நாங்கள் ஆறு பேர் வண்டி ஓட்டினோம். "சகாதேவன் வண்டியில ஏறுனா பயமில்லாம போலாம், எறங்கறதுக்குள்ள ரெண்டு திட்டு மட்டும் வாங்கணும்" என்று மற்ற ஐந்து பேரும் சவாரிக்கு வருகிறவர்களிடம் சொல்லிவைப்பார்கள். பொய் இல்லை. கதவை ஓங்கி அறைந்து சாத்துகிறவனை நான் சும்மா விட்டதே கிடையாது.

வண்டி அப்படிப்பட்ட வண்டி. அறுபத்திரண்டாம் வருஷத்து அம்பாசடர், பாசிப் பச்சை நிறம். என் கைக்கு வந்தபோதே அதற்குப் பன்னிரண்டு வயசு. முன்சீட்டு ஒரே நீளப் பலகையாக இருக்கும். மூன்று பேர் தாராளமாக உட்காரலாம், நான்காவது ஆள் கதவில் ஒட்டிக்கொண்டு வருவான். ஆசிரமத்துக்கு வருகிற வெள்ளைக்காரர்களை ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் மலைசுற்றுப் பாதையில் போவேன். இப்போது பௌர்ணமி என்றால் அங்கே கால் வைக்க இடமில்லை. அப்போது நாலு சாமியார், இரண்டு மாட்டுவண்டி, அவ்வளவுதான். ஜன்னலை இறக்கிவிட்டால் புளியமரக் காற்று முகத்தில் அடிக்கும். இஞ்சின் ஒரே சீராகப் பேசிக்கொண்டே வரும். அந்தச் சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

அந்த இஞ்சினைத் தொடுகிற உரிமை உலகத்தில் இரண்டே பேருக்குத்தான். ஒருவன் நான், இன்னொருவன் மூர்த்தி. செங்கம் ரோட்டில் தகரக் கொட்டகை போட்டு மெக்கானிக் ஷெட் வைத்திருந்தான். முதலில் வண்டியைக் கொடுத்துப் பார்த்தேன், பிறகுதான் என் தங்கை வள்ளியைக் கொடுத்தேன். சிரிக்காதீர்கள். இஞ்சினைப் பொறுமையாகப் பார்க்கிறவன் பெண்டாட்டியையும் பொறுமையாகப் பார்ப்பான் என்று எனக்குத் தோன்றியது. தோன்றியது தப்பவில்லை. அவன் என்னை மச்சான் என்பான், நான் அவனை மாப்ள என்பேன். எண்பத்தொன்றாம் வருஷம் தங்கம் பிறந்தாள். பிள்ளைக்கு வயசு ஒன்று முடிவதற்குள், தை மாதத்தில், படவேடு ரேணுகாம்பாள் கோயிலில் மொட்டையடித்துக் காது குத்துவது என்று பேசி வைத்திருந்தோம். தாய்மாமன் மடி என் மடி. கம்மலுக்கு அப்போதே சொல்லி வைத்துவிட்டேன்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் முன்பு மூர்த்தி வண்டியைப் பிரித்து, புது பாயிண்ட், பிளக்குக்குக் கரண்டு ஏற்றுகிற புது காயில் எல்லாம் மாட்டிக் கொடுத்தான். வண்டி அம்சமாக ஓடியது. பூஜையன்று ஸ்டாண்டில் ஆறு வண்டிகளையும் கழுவி, பானட்டைத் திறந்து வரிசையாக நிறுத்தினோம். வள்ளி இடுப்பில் குழந்தையோடு, கிண்ணம் நிறையச் சந்தனம் கரைத்துக்கொண்டு வந்தாள். எல்லோரும் ஒரு பொட்டு வைத்தால் அவள் பெரிய பொட்டுக்குக் கீழே குட்டியாக இன்னொன்று வைப்பாள். "இது அம்மா, இது பொண்ணு" என்பாள். தங்கம் பிறந்ததிலிருந்து வந்த கிறுக்கு அது. அவள் வீட்டு நிலைப்படி, அரிசிப் பானை, மூர்த்தியின் டூல் பெட்டி எல்லாவற்றிலும் அம்மாவும் பொண்ணும் இருப்பார்கள். என் வண்டியிலும் டயர், பேட்டரி, ரேடியேட்டர் என்று கை எட்டின இடமெல்லாம் வைத்தாள். நான் பூசணிக்காய் உடைக்கப் போய்விட்டேன்.

ஐப்பசி மழை பிடித்தது. ஒருநாள் காலையில் கீழ்பென்னாத்தூர் சவாரி. ஊர் எல்லை தாண்டுவதற்குள் வண்டி இருமியது. மிஸ்ஸிங். நாலு சிலிண்டரில் ஒன்று விட்டுவிட்டு அடிக்கிறது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் இழுக்காமல் விக்கி நிற்கிறது, பிறகு குபீரென்று பாய்கிறது. பத்து மைல் போனதும் ஒன்றுமே நடக்காதது போல ஓடுகிறது. திரும்பி வரும்போது அப்படியே செங்கம் ரோட்டுக்கு விட்டேன்.

மூர்த்தி காதை வைத்துக் கேட்டான். "நல்லாத்தான ஓடுது மச்சான்?"

"காத்தால வந்து கேளுடா!"

பாயிண்டைப் பார்த்தான், பிளக்கைத் துடைத்தான், கார்புரேட்டரைக் கழற்றி ஊதினான். மறுநாள் ஈரக் காற்றில் வண்டி மறுபடி இருமியது. மறுபடி அவனிடம் போனால் நல்ல பிள்ளை போல நிற்கிறது. போளூர் ரோட்டில் ஒருவனிடம் காட்டினேன், பெட்ரோலில் தண்ணீர் என்றான். வேலூரில் ஒரு பெரிய மெக்கானிக், வால்வு தேய்ந்துவிட்டது என்றான். வண்டி எல்லோரையும் முட்டாளாக்கிக்கொண்டிருந்தது. எனக்கோ மூளையில் ஒரே ஒரு நினைப்பு. மூர்த்தி கை வைத்த பிறகுதான் இந்த வியாதி. அதற்கு முன்னால் கிடையாது.

கார்த்திகை தீபத்தன்று காலை பிசுபிசுவென்று தூறல். சவாரியில் ஒரு வயசான அம்மாவும் மூன்று பிள்ளைகளும். தேரடித் தெருவில் ஊரே திரண்டிருக்கிறது. நட்டநடுவே வண்டி இருமி, குலுங்கி, நின்றுவிட்டது. பின்னால் பஸ் ஹாரன். போலீஸ்காரன் லத்தியால் பானட்டைத் தட்டுகிறான். ஜனங்கள் சிரிக்கிறார்கள். ஸ்டாண்டுவரை தள்ளிக்கொண்டு போய்ச் சேர்ந்தால், அங்கே மூர்த்தி, எங்கள் ஆறு பேரில் ஒருவனான வேடியப்பனின் வண்டிக்கு ஃபேன் பெல்ட் மாட்டிக்கொண்டிருந்தான்.

என் வாயில் சனி உட்கார்ந்தது. "புதுக் காயிலைக் கழட்டி வித்துட்டு எவன் வண்டியிலயோ இருந்த பழசை மாட்டிட்ட இல்ல? மச்சான் வண்டியிலயே கை வைக்கிறியா?" என்று கத்தினேன். ஸ்டாண்டு முழுவதும் கேட்டது.

மூர்த்தி முகம் சுண்டிப்போயிற்று. "இன்னா பேச்சு பேசற மச்சான்?"

"இல்லைன்னா கற்பூரம் அணைச்சு சத்தியம் பண்ணு பாக்கலாம்!"

அவன் நேரே ஸ்டாண்டு பிள்ளையாரிடம் போனான். கற்பூரத்தை ஏற்றினான். "காயிலும் மாத்தல, என் வேலையில ஒரு தப்பும் இல்ல" என்று சொல்லி, எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தான். எங்கள் பக்கம் அதற்கு மேல் பேச்சே கிடையாது. ஆனால் நான் பேசினேன். "காயிலைத் தின்னவனுக்குக் கற்பூரம் பெருசா?" என்று கேட்டேன். இப்போது நினைத்தாலும் அந்த நாக்கை அறுத்துப் போடலாம் என்று இருக்கிறது.

"இனிமே உன் வண்டிய தொட மாட்டேன். உன் வூட்டுத் தண்ணி எனக்கு வேணாம். என் பொண்ணுக்கு உன் மடியும் வேணாம்" என்று சொல்லிவிட்டு மூர்த்தி போய்விட்டான்.

அதோடு எல்லாம் நின்றது. வள்ளி வருவதில்லை. தங்கம் தவழ்கிறாள், நிற்கிறாள் என்று மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. ஒருநாள் கடைத்தெருவில் வள்ளி இடுப்பில் அவளைப் பார்த்தேன். என்னைப் பார்த்துக் கையை நீட்டினாள், மூர்த்தி கூட இருந்தான், நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வாங்கி வைத்த கம்மல் பெட்டிக்குள் கிடந்தது. ராத்திரிச் சோறு இறங்கவில்லை. கோபம் ஒரு பக்கம், அந்தக் குழந்தையின் கை ஒரு பக்கம். இரண்டுக்கும் நடுவே வண்டி தினமும் காலையில் இருமிக்கொண்டிருந்தது.

மார்கழிக் கடைசியில் வள்ளி என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

"அண்ணா, காது குத்த இன்னும் பத்து நாளு இருக்குது. தாய்மாமன் மடி இல்லாம எம்பொண்ணு காதுல ஊசி படாது. அவரு நீ வேணாங்கறாரு, நீ அவரைத் திருடங்கற. நடுவுல நான் இன்னா பண்ணட்டும், தூக்கு மாட்டிக்கட்டுமா?"

"வாயை மூடுடி!"

"நீ மூடு. அந்தப் பாழாப்போன வண்டிக்கு இன்னா வியாதின்னு ரெண்டு பேரும் சேந்து பாருங்க. அவரு தப்புன்னா அவரு உன் கால்ல விழட்டும். இல்லைன்னா நீ அவரு கால்ல விழு. அவருகிட்டயும் சொல்லிட்டேன். தொடமாட்டேன்னு ஒத்தக் கால்ல நின்னாரு. எம்பொண்ணுக்காவன்னு அழுதேன், சரின்னாரு. ஆனா உன் வூட்டுக்கு வரமாட்டாராம். வண்டிய ஸ்டார்ட் பண்ணாம, தள்ளிக்கினு வரச் சொன்னாரு."

"தள்ளிக்கினா? இன்னாத்துக்கு?"

"நீ ஓட்டிக்கினு வந்தா சூடாயிடுமாம். சூடானா வியாதி ஒளிஞ்சுக்குமாம்."

எனக்குச் சுருக்கென்றது. இரண்டு மாதமாக ஒருத்தனுக்கும் இது தோன்றவில்லை. நானும் ஒவ்வொரு ஷெட்டுக்கும் ஓட்டிக்கொண்டுதானே போனேன்.

மறுநாள் விடிந்ததும், எதிரே வருகிற ஆள் தெரியாத பனியில், பேகோபுரத் தெருவில் இருந்த என் வீட்டிலிருந்து செங்கம் ரோட்டுக்கு வண்டியைத் தள்ளினேன். வேடியப்பனும் கூட வந்தான். "இன்னாபா, வண்டிய அண்ணாமலையாருக்கே எழுதி வைக்கப் போறியா?" என்று வழியெல்லாம் கிண்டல். பதில் சொல்ல மூச்சில்லை.

ஷெட்டில் மூர்த்தி கையில் ஒரு கருப்புக் கம்பளியோடு நின்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை. தங்கத்தை வேடியப்பன் தூக்கிக்கொண்டு டீக்கடைப் பக்கம் போனான். வள்ளி ஓட்டுகிற சீட்டில் உட்கார்ந்தாள். ஆக்ஸிலேட்டர் எது என்று மட்டும் காட்டிக் கொடுத்தேன்.

"எப்ப இருமுதுன்னு கேளு வள்ளி" என்றான் மூர்த்தி.

"காத்தால, பனியில, மழையிலன்னு சொல்லு வள்ளி" என்றேன்.

"நெறைய லோடு ஏத்துனா ஜாஸ்தியாவுதா, கம்மியாவுதான்னு கேளு."

"மேடு ஏறும்போது ஜாஸ்தின்னு சொல்லு."

"ரெண்டு பேருக்கும் காது செவிடா?" என்று வள்ளி உள்ளேயிருந்து கத்தினாள். "என்னை எதுக்குத் தபால்காரி ஆக்கறீங்க?"

ஸ்டார்ட் செய்ததும் வண்டி இருமியது. முதல் தடவையாக மூர்த்தி முன்னால் இருமியது. அவன் முகத்தில் அப்படி ஒரு திருப்தி. அவனும் இரண்டு மாதமாகத் தூங்கியிருக்கமாட்டான் என்று அப்போதுதான் தோன்றியது.

"கரண்டு எங்கியோ ஒழுவுது. வெளிச்சத்துல தெரியாது. உள்ள வந்து பாக்கச் சொல்லு, அப்புறம் நான் ஏமாத்திட்டேம்பாரு" என்று சொல்லி, பானட்டுக்குக் கீழே குனிந்து கம்பளியைத் தலைமேல் போர்த்திக்கொண்டான். நானும் நுழைந்தேன். இருட்டு. பெட்ரோல் வாடை, ஆட்டு ரோம வாடை. அவன் தோள் என் தோளில் இடித்தது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் இஞ்சினைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"வள்ளி, மெதுவா மிதி" என்றான்.

அப்போது தெரிந்தது. நாலு பிளக்குக்கும் கரண்டைப் பங்கு போட்டுக் கொடுக்கிற டிஸ்டிரிபியூட்டரின் கருப்பு மூடியில், இஞ்சின் பக்கமாகத் திரும்பியிருந்த மூலையில், நீலமாக ஒரு பொறி. நடு ஒயரிலிருந்து இறங்குகிறது, ஒரு வட்டத்தின்மேல் ஊர்கிறது, அங்கிருந்து கீழே இருக்கிற இன்னொரு குட்டி வட்டத்துக்குத் தாவுகிறது, அதைத் தாண்டி இரும்பில் போய் அணைகிறது. அது தாவுகிற ஒவ்வொரு தடவையும் இஞ்சின் ஒரு அடி தவறியது.

பெரிய பொட்டு. கீழே குட்டிப் பொட்டு.

காய்ந்த சந்தனம் பனி ஈரத்தை உறிஞ்சிக் கரண்டுக்கு வழி போட்டுக் கொடுத்திருக்கிறது. இஞ்சின் சூடானால் காய்ந்துவிடும், வழி அடைபட்டுவிடும். எத்தனை பேர் பானட்டைத் திறந்து பார்த்தார்கள்! ஒருவன் கண்ணிலும் படவில்லை. எங்கள் ஊரில் பொட்டு இல்லாத இஞ்சின் ஏது? பூஜைப் பொட்டை எந்த மெக்கானிக் துடைப்பான்? அதுவாக உதிர்கிறவரை விட்டுவிடுவோம். நானே வண்டி கழுவும்போதெல்லாம் அந்த இடத்தில் துணி படாமல் சுற்றித் துடைத்திருக்கிறேன். பெரிய பொட்டு மட்டும் இருந்திருந்தால்கூட இரும்புவரை எட்டியிருக்காது. அந்தக் குட்டிதான் எட்டவைத்தது.

மூர்த்தி மூச்சை இழுத்துப் பிடித்தது எனக்குக் கேட்டது. அவனுக்கும் புரிந்துவிட்டது. அவன் வீட்டு நிலைப்படியில் தினமும் பார்க்கிற பொட்டு இல்லையா?

"என்னாங்க, இன்னா தெரியுது?" என்று வள்ளி கேட்டாள்.

"வண்டிய நிறுத்து" என்றான். இஞ்சின் நின்றதும் சட்டை நுனியை எச்சிலில் நனைத்து அந்த இரண்டு பொட்டையும் அழுத்தித் துடைத்தான். பிறகு கம்பளியை விலக்கி நிமிர்ந்தான்.

"உங்கண்ணன் சொன்னது சரிதான் வள்ளி. நான் மாட்டுன ஒயரு சரியா உக்காரல. என் தப்புதான்."

இரண்டு மாதமாக நான் கேட்கத் தவித்த வார்த்தை. ஸ்டாண்டிலே, டீக்கடையிலே, கனவிலேகூட அவனை அப்படிச் சொல்லவைத்துப் பார்த்திருக்கிறேன். இப்போது அவன் வாயிலிருந்தே வந்தது. கற்பூரம் அணைத்த கை அது. பெண்டாட்டி மனசு நோகக்கூடாது என்று, தன்னைப் பொய்ச் சத்தியக்காரன் ஆக்கிக்கொள்கிறான். வள்ளி கதவைத் திறந்து இறங்கினாள். அவள் முகம் செத்துப்போயிருந்தது. அவன் என் காலைத் தொடக் குனிந்தான்.

"பொய் சொல்லாதடா மாப்ள!" என்று கத்தினேன். தெருவில் போன நாய்கூட நின்று பார்த்தது. "ஒயராவது மயிராவது! மூடி மேல சந்தனத்த அப்புனது நானு. பூஜையன்னிக்கு. இப்பத்தான் கண்ணால பாத்தேன். இவன் எனக்காவ மறைக்கிறான்!"

மூர்த்தி என்னை நிமிர்ந்து பார்த்தான். வேண்டாம் என்பது போல லேசாகத் தலையை ஆட்டினான். நான் கண்டுகொள்ளவில்லை.

வள்ளி இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். "கரண்டு ஓடற எடத்துல சந்தனம் வெப்பாங்களா அண்ணா? அறிவு இருக்குதா உனக்கு? நானும்தான் வெச்சேன். டயருக்கு வெச்சேன், லைட்டுக்கு வெச்சேன். உன்ன மாதிரியா உள்ள பூந்து அப்புனேன்? உன் புத்திகெட்ட வேலைக்கு எம்புருஷனத் திருடன்னு சொன்னியே, நாக்கு அழுகாதா?"

பேசினாள், பேசினாள், பத்து நிமிஷம் பேசினாள். அன்றைக்கு எங்கெங்கே வைத்தோம் என்று அவளுக்கே நினைவில்லை. என் வாழ்க்கையில் யாரிடமும் அப்படித் திட்டு வாங்கியதில்லை. வாய் இரண்டு தடவை திறந்தது. மூர்த்தி முகத்தைப் பார்த்தேன், மூடிக்கொண்டேன். அவன் உதட்டைக் கடித்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பியிருந்தான்.

பேச்சு பேச்சாக இருக்கவேண்டும் இல்லையா? நான் அவன் காலில் விழுந்தேன். அவன் பதறிப்போய் என் இரண்டு தோளையும் பிடித்துத் தூக்கினான். உள்ளங்கையில் கற்பூரம் சுட்ட வடு அப்போதும் சிவப்பாகவே இருந்தது. "மன்னிச்சுடு" என்ற வார்த்தையை நான் யாருக்கும் சொன்னதில்லை. அன்றைக்குச் சொன்னேன், மூன்று தடவை.

ஸ்டாண்டில் கத்தியதை ஸ்டாண்டில்தானே எடுக்கவேண்டும். அன்று பதினோரு மணிக்கு ஐந்து டிரைவர்களையும் நிற்கவைத்து, என் வண்டியைக் கெடுத்தது என் கை, மூர்த்தி சத்தியம் சத்தியம்தான் என்று சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்றிலிருந்து எனக்கு 'சந்தனம்' என்று பெயர் வைத்தார்கள். "சந்தனம், வேங்கிக்கால் சவாரி இருக்குது, போறியா?" என்பான் வேடியப்பன். வேறு எதற்கும் எகிறிக் குதிக்கிற நான், வண்டியை விற்றுவிட்டு ஸ்டாண்டை விட்டுப் போகிறவரை, அந்தப் பெயருக்குத் தலையை ஆட்டினேன். வள்ளிக்கும் இன்றுவரை நான்தான் புத்திகெட்டவன்.

தை பிறந்து எட்டாம் நாள், விடியற்காலைப் பனியில், எல்லோரையும் ஏற்றிக்கொண்டு படவேட்டுக்குப் போனேன். வண்டி ஒரு தடவைகூட இருமவில்லை. போளூர் தாண்டும்வரை முன்சீட்டில் மூர்த்தி கண்ணை மூடி இஞ்சினைக் கேட்டுக்கொண்டே வந்தான்.

கோயிலில் மொட்டைத் தலையோடு தங்கத்தை என் மடியில் உட்காரவைத்தார்கள். ஒன்றரை மாதத்தில் என்ன கனம் கனத்திருந்தாள்! ஆசாரி ஊசியை எடுத்தார். அவள் தலையை என் மார்போடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன். ஊசி பட்டதும் வீரிட்டாள். நானும் உடைந்துபோனேன். அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. விக்கி விக்கி அழுதேன்.

"இன்னாங்க இது, காது குத்துனது கொழந்தைக்கா, மாமனுக்கா?" என்றார் ஆசாரி. மண்டபமே சிரித்தது. வள்ளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

மூர்த்தி மட்டும் சிரிக்கவில்லை. என் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தான். "போதும் மச்சான்" என்று என் காதோரமாகச் சொல்லிவிட்டு, தங்கத்தின் இன்னொரு காதைக் காட்ட, அவள் தலையை என்னோடு சேர்ந்து பிடித்துக்கொண்டான்.